தேர்ச்சிக்கு ஐந்து விரல்

கணக்கு வாத்தியாரின் வலது கையில் ஐந்து விரல்களும் முறிந்திருந்தன. மேசை டிராயரை இழுத்து, விரல்களை உள்ளே வைத்து, டிராயரைக் காலால் உதைத்து மூடியிருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல. டிராயரின் முன்பலகை உடைந்து தொங்கும்வரை.

அதற்கு முன்னால் தாடை. தாடைக்கும் முன்னால் வலது விலா. நர்ஸ் சொல்லச் சொல்ல நான் என் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு ரத்தம் என்றால் ஆகாது. துப்பறியும் ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது பெரிய குறை என்று அண்ணி அடிக்கடி சொல்வார்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. பெண்கள் சிறையில் வார்டனாக இருந்து, ஒரு மேலதிகாரியைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வெளியே வந்து, துப்பறியும் தொழில் தொடங்கியவர். அண்ணன் வீட்டில் சமையல் பார்க்கிறான். நான் அண்ணியின் உதவியாளன். கார் ஓட்டுவேன், டீ வாங்குவேன், தேவைப்பட்டால் அடியும் வாங்குவேன்.

"பிழைப்பாரா?" என்றார் அண்ணி.

"இன்னும் கண்ணே திறக்கல மேடம்" என்றாள் நர்ஸ். "ஈரல் மேலயே திரும்பத் திரும்ப அடி விழுந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்றார்."

வெளியே பெஞ்சில், எங்களைக் கூட்டி வந்த கறிக்கடைக்காரரின் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியார் செத்தால் அவர் புருஷன் மேல் கொலைக் கேஸ். புருஷனை நேற்றிரவே போலீஸ் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஜாலியாக இருந்தார். கேஸ் சீக்கிரம் முடிந்தால் சிலருக்கு முகமே பளபளவென்று ஆகிவிடும்.

"எதுக்கு வீணா அலையறீங்க? அந்த ஆள் ஸ்கூலுக்குப் போய், எல்லார் முன்னாடியும் 'என் பொண்ணை ஃபெயில் போட்ட கையை நறுக்கிடுவேன்'னு கத்தியிருக்கான். ரெண்டு நாள் கழிச்சு அந்தக் கை போச்சு. இன்னும் என்ன வேணும்?"

"நறுக்கலையே" என்றார் அண்ணி.

"என்னது?"

"கடை நிறைய கத்தி வெச்சிருக்கறவர். நறுக்கறேன்னு சொல்லிட்டுப் போனவர் எதுக்கு டிராயரைத் தேடணும்?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி சிரித்தார்.

"முதல் அடி ஈரல்ல விழுந்திருக்கு மேடம். ஈரல் எங்க இருக்குன்னு தேடாம அடிக்கத் தெரிஞ்சவன் இந்த ஊர்ல யாரு? தபால்காரரா?"

நல்ல கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா?

"அவருக்கு நாலு கால்ல நிக்கறதோட ஈரல்தான் சார் தெரியும். ரெண்டு கால்ல நிக்கறதுக்கு வேற கடை."

இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் நான் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

லாக்கப்பில் கறிக்கடைக்காரர் சுவரோடு சாய்ந்து கிடந்தார். ஒரு கண் முழுசாக மூடிப்போயிருந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அண்ணி கம்பிக்குள் கையை விட்டு அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடித்த கைகள். விரல் முட்டிகளில் ஒரு கீறல்கூட இல்லை. மனுஷனின் தாடையை உடைத்த முட்டி மறுநாள் இவ்வளவு சுத்தமாக இருக்காது.

"நான் வாயாடிதாம்மா" என்றார் அவர். "கத்தினேன், உண்மை. ஆனா அந்த சார் என்னை உக்கார வெச்சு தண்ணி கொடுத்தார். பொண்ணுக்கு மறுபரீட்சை வெச்சிருக்கேன், மீட்டிங்ல நான் பேசறேன்னார். மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். அதுக்குத்தான் இந்தக் கண்ணு."

ஒரு கான்ஸ்டபிள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நாங்கள் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், பேசினதற்காகவே கறிக்கடைக்காரரின் முழங்காலில் லத்தியால் ஒரு போடு போட்டார். எலும்பில் விழுந்த சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது. அண்ணியின் முகம் மாறவில்லை. அவர் முகம் மாறாமல் இருந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்குவான்" என்று பின்னாலிருந்து சொன்னார் இன்ஸ்பெக்டர். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. இன்னும் இரண்டு போடு விழுந்தால், ஊரில் நடந்த அத்தனை கொலையையும் நானே ஒத்துக்கொள்வேன்.

பள்ளிக்கூட வாசலில் பெரிய போர்டு: பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. எழுத்துகள் ஆள் உயரம் இருந்தன.

தலைமையாசிரியை எங்களை ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் ஓரம் வாத்தியாரின் மேசை. உடைந்த டிராயரில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. தரையில் ஒரு பல். நான் சட்டென்று கூரை விசிறியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"பத்தாவது போர்டு பார்த்தேன் மேடம்" என்றேன், விசிறியைப் பார்த்தபடியே. "ஒன்பதாவதுக்குப் போர்டு எங்க?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்தாவதுல தேற மாட்டாங்கன்னு தோணறவங்களை ஒன்பதாவதுலயே நிறுத்திடுவோம். எல்லா ஸ்கூல்லயும் செய்யறதுதான்."

"உள்ள விட்டாத்தானே தோற்கறதுக்கு."

"தம்பி" என்றார் அண்ணி. நான் வாயை மூடினேன்.

"கணக்கு சாருக்கு அது பிடிக்காது" என்றார் தலைமையாசிரியை. "ஒவ்வொரு வருஷமும் சண்டை போடுவார். விதியில ஒரு வழி இருக்கு. முழுப்பரீட்சையில ஃபெயிலானவங்களுக்குப் பாட ஆசிரியர் விரும்பினா மறுபரீட்சை வைக்கலாம். ஆனா தேர்ச்சிக் கூட்டத்துல அவரே நேர்ல உக்காந்து, இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்புன்னு சொல்லணும். அவர் வரலேன்னா மறுபரீட்சை செல்லாது. பழைய மார்க்தான் நிக்கும்."

"மறுபரீட்சை மார்க் யாருக்குத் தெரியும்?"

"அவருக்கு மட்டும்தான். முன்னாடியே வெளிய தெரிஞ்சா சிபாரிசு வந்துடும்னு மீட்டிங் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். இந்த வருஷம் நாலு பிள்ளைங்க. இன்னிக்கு நாலு மணிக்கு மீட்டிங்." அவர் குரல் உடைந்தது. "அந்த நாலு பேரும் போச்சு."

அண்ணி உடைந்த டிராயர் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "கறிக்கடைக்காரர் பொண்ணு அந்த நாலு பேர்ல ஒருத்தியா?"

"ஆமா."

"சார் வரலேன்னா அவ ஃபெயில். அது அவங்க அப்பாவுக்கும் தெரியும்."

"நான்தான் எடுத்துச் சொன்னேன்."

"அப்போ இந்தக் கையை உடைச்சவர் தன் பொண்ணுக்குத் தானே ஃபெயில் போட்டுக்கிட்ட மாதிரி ஆச்சே." அண்ணி எழுந்தார். "ஃபெயிலான வீட்டுல எல்லாரும் இன்னிக்கு சார் அந்த நாற்காலில உக்காரணும்னு தவிச்சுக்கிட்டிருக்காங்க. அவங்க கையை வைக்க மாட்டாங்க. சரி, சார் மீட்டிங்குக்கு வந்தா யாருக்கு நஷ்டம்?"

"யாருக்கும் இல்லையே. வந்தா பிள்ளைங்க பாஸாகும். பிள்ளை பாஸாகறதுல யாருக்கும்மா நஷ்டம்?"

அண்ணி அதற்குள் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

வாசலில் வாட்ச்மேன் வெயிலுக்குத் துண்டு போர்த்திக்கொண்டு நின்றார். மரியாதையான மனுஷர். போலீஸ் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னதில் அவருக்குப் பெருமை.

"என்ன கேட்டாங்க?"

"ஃபெயிலான பிள்ளைங்களோட அப்பா அம்மா யார் யார் வந்தாங்கன்னு கேட்டாங்கம்மா. ஒருத்தரையும் விடாம சொன்னேன்."

"மத்தவங்க யாரும் வரலையா?"

"மத்தவங்க எதுக்கு வரப்போறாங்க? இங்க வழக்கமே அதுதானே. தேறாத பிள்ளைகிட்டதான் அப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொல்லுவாங்க. கூப்பிடலேன்னா பாஸ்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா நேத்து ஸ்கூல் விட்டப்புறம் ஒருத்தர் கூப்பிடாமலே வந்தார். 'எல்லாரையும் கூப்பிட்டாங்களே, என்னை ஏன் இன்னும் கூப்பிடல'ன்னு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கூப்பிடலேன்னா உங்க பையன் பாஸ் சார், வீட்டுக்குப் போய்க் கொண்டாடுங்கன்னேன். மனுஷனுக்கு சந்தோஷம் தாங்கல. கேட்டை ஓங்கி ஒரு குத்து விட்டார், பாருங்க."

இரும்புத் தகட்டுக் கேட் உள்பக்கமாகக் குழிந்திருந்தது. அண்ணி தன் முஷ்டியை அந்தக் குழிக்குள் வைத்துப் பார்த்தார். முஷ்டியைச் சுற்றி நிறைய இடம் மிச்சம் இருந்தது.

"சந்தோஷத்துல?" என்றேன் நான்.

"ஆமா தம்பி. கண்ணெல்லாம் சிவந்து போச்சு. கணக்கு சாரைப் பார்த்து நன்றி சொல்லணும்னார். நானே வழி காட்டி விட்டேன்."

"போலீஸ்ல ஏன் சொல்லல?"

"அவர் பையன் ஃபெயில் இல்லையே."

இந்த ஊரில் வாத்தியாரை யாராவது அடித்தால், அடித்தவன் ஃபெயிலானவனின் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். போலீஸ், பள்ளிக்கூடம், வாட்ச்மேன், ஏன் நானும்கூட அப்படித்தான் நினைத்தேன். அண்ணி ஒருவர்தான் கேட்டைப் பார்த்தபடி நின்றார்.

"யார் அவர்?"

"பாக்ஸிங் மாஸ்டர். அவர் பையன்தான் போன வருஷம் ஸ்கூலுக்குக் கப் வாங்கிக் கொடுத்தது."

காரில் ஏறியதும் அண்ணி தலைமையாசிரியைக்கு ஃபோன் போட்டார். பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாலு பேர்ல அந்தப் பையனும் ஒருத்தன். ஒரு வருஷம்கூட தோற்காதவன், இந்த முழுப்பரீட்சையில வெறும் பேப்பரைக் கொடுத்திருக்கான். சார் கூப்பிட்டு மறுபரீட்சை வெச்சிருக்கார். வீட்டுக்கு மட்டும் சொல்லாதீங்கன்னு அவன் கெஞ்சினானாம். தம்பி, பத்தாவது படிக்கற பசங்களைப் போட்டிக்கு அனுப்புவாங்களா?"

"கிரவுண்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்க விடமாட்டாங்க அண்ணி. விளையாட்டு பீரியட்ல கூட கணக்குதான் போடுவாங்க." சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. "ஒன்பதாவதுல நின்னா மறுபடியும் கப்."

"ஃபெயில்னு ஆள் வரும், ஆள் வரும்னு வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த அப்பா" என்றார் அண்ணி. "வண்டியை விரட்டு."

டயர் கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நடுவில் கயிறு கட்டிய மேடை. ஓரத்தில் ஒரு மேசையும் அதற்கு மேலே தொங்கும் வெண்கல மணியும். உள்ளே ஒரே வியர்வை நாற்றம். பையன் மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். நாங்கள் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. சுற்றிக்கொண்டு அவன் வலது பக்கம் போன பிறகுதான் திரும்பினான். புருவத்தில் தையல், கன்னத்தில் மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்த காயம்.

மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. வலது கை முட்டிகளில் பிளாஸ்திரி.

"என்ன வேணும்?"

"நல்ல சேதி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் அண்ணி. "கணக்கு சார் கண்ணைத் திறந்துட்டார். நாலு மணி மீட்டிங்ல அவர் பேசப்போறார். உங்க பையன் பாஸ்."

நான் அந்த முகத்தைப் பார்த்தேன். பிள்ளை பாஸ் என்று கேட்ட ஒரு தகப்பன் முகத்தில் அவ்வளவு வெறுப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் எதையும் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் முதல் குத்து எனக்குத்தான் விழுந்தது.

ஈரல் எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. உடம்பு பாதியாக மடிந்தது. மூச்சு வரவில்லை. அடுத்த குத்து மூக்கில். வாய் நிறைய ரத்தம். ரத்தம் ஆகாது என்று சொன்னேனே, அது அடுத்தவர்கள் ரத்தம். சொந்த ரத்தத்துக்கு மயங்கக்கூட நேரம் கொடுக்கவில்லை அந்த ஆள். என்னைக் கயிற்றில் சாய்த்துவைத்து நிதானமாக அடித்தார்.

"ஒரு வருஷம்" என்றார், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வார்த்தையாக. "ஒரே ஒரு வருஷம் கூட ஒன்பதாவதுல உக்காந்தா என்ன குறைஞ்சு போகும்? கெஞ்சினேன் அந்த வாத்தியார்கிட்ட. பையன் கணக்கு நல்லா போடறான், மனசாட்சி இடம் கொடுக்கலேங்கறான். மனசாட்சியை எந்தக் கையால நீ எழுதுவேன்னு கேட்டேன்."

அண்ணி பின்னாலிருந்து அவர் கழுத்தில் முழங்கையைப் போட்டு இறுக்கினார். ஒரு உதறலில் அண்ணி போய் மேசையில் மோதி விழுந்தார். மாஸ்டர் என் தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். பிளாஸ்திரி போட்ட முட்டி பின்னால் போவது தெரிந்தது. இது விழுந்தால் அண்ணன் சமையலை இனிமேல் கஞ்சியாகத்தான் குடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

டாண் என்று மணி அடித்தது.

மாஸ்டரின் இரண்டு கைகளும் சட்டென்று கீழே இறங்கின. ஒரு அடி பின்னால்கூட நகர்ந்தார். மணி அடித்தால் கையை இறக்கு என்று சின்ன வயதிலிருந்து பழகின உடம்பு. அடித்தது யார் என்று மூளை யோசிப்பதற்குள் உடம்பு கட்டுப்பட்டுவிட்டது.

அந்த ஒரு நொடி அண்ணிக்குப் போதும். இரும்பு ஸ்டூலைத் தூக்கி முழங்காலில் இறக்கினார். மரம் முறிகிற மாதிரி சத்தம். விழுந்தவர் எழுவதற்குள் அடுத்த முழங்கால். அலறிக்கொண்டு குப்புறக் கிடந்தவரின் கைகளை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, ஸ்கிப்பிங் கயிற்றால் கட்டினார். சிறையில் கற்றுக்கொண்ட கட்டு, அவ்வளவு சுலபமாக அவிழாது.

மணியின் நாக்கைப் பிடித்தபடி பையன் நின்றுகொண்டிருந்தான்.

"நேத்து என்னைக் கதவுக்கு வெளியில காவலுக்கு நிக்க வெச்சார்" என்றான். "சார் கத்தினது இந்தக் காதுல கேட்டுச்சு. நான் உள்ள போகல." வலது காதைத் தொட்டான். பிறகு இடது காதை. "இது கேட்காது. அடிபட்டு அடிபட்டுப் போயிடுச்சு. வீட்டுல சொல்லல. நான் எப்பவும் ஒரு பக்கமா திரும்பி உக்காரறதைப் பார்த்து சார்தான் கண்டுபிடிச்சார். இன்னொரு வருஷம் மேடை ஏறினா மிச்சக் காதும் போயிடும், நீ பத்தாவதுக்குப் போயிடுன்னார். அப்பா சொல்லித்தான் முழுப்பரீட்சையில எழுதல, மறுபரீட்சையை அப்பாவுக்குத் தெரியாம எழுதறேன்னு சார்கிட்ட சொன்னேன்."

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவியா?"

தரையில் கிடந்த அப்பாவைப் பார்த்தான். அழுதான். அழுதுகொண்டே சொல்கிறேன் என்று தலையாட்டினான்.

அண்ணி அவிழ்த்துவிட்ட பொய் மத்தியானத்துக்கு மேல் நிஜமானது. வாத்தியார் கண் திறந்தார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் பேச முடியாது. ஆனால் எல்லாம் புரிந்தது.

"நேர்ல உக்காரணும்னுதானே விதி?" என்று அண்ணி தலைமையாசிரியையிடம் கேட்டிருந்தார். "எந்த ரூம்லன்னு இருக்கா?"

அப்படித்தான் நாலு மணிக்குத் தேர்ச்சிக் கூட்டம் ஆஸ்பத்திரி வார்டில் கூடியது. கட்டிலைச் சுற்றி தலைமையாசிரியையும் இரண்டு ஆசிரியர்களும். பொறுப்பு ஏற்றால் இடது கை விரலைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும் என்று பேசிவைத்துக்கொண்டார்கள். கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வெளியே நாங்கள். மூக்கில் பஞ்சோடு நான். விட்டு அனுப்பப்பட்ட கறிக்கடைக்காரர் நொண்டிக்கொண்டு வந்து, பெண்ணின் தோளைப் பிடித்து நின்றார். அவள் பக்கத்தில் பையன்.

முதல் இரண்டு பெயருக்கும் விரல் உயர்ந்தது. மூன்றாவது கறிக்கடைக்காரரின் பெண்.

விரல் அசையவில்லை.

தலைமையாசிரியை மறுபடி கேட்டார். வாத்தியார் அந்தப் பெண்ணையே பார்த்தார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. விரல் மட்டும் போர்வை மேல் அப்படியே கிடந்தது.

எனக்கு அந்த மனுஷர் மேல் கோபம் வந்தது. ஒருத்தர் அவருக்காக ராத்திரி முழுக்க உதை வாங்கியிருக்கிறார், மறுபரீட்சையிலும் பெண் தேறவில்லை என்றே இருக்கட்டும், ஒரு விரல், அவ்வளவுதானே. கறிக்கடைக்காரர் நல்ல கண்ணால் அந்தக் கட்டுப் போட்ட வலது கையை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கத்தப்போகிறார் என்று நான் தயாரானேன்.

"கை ஆறட்டும் சார்" என்றார் அவர். "அடுத்த வருஷமும் உங்க வகுப்புலயே உக்காரட்டும்."

அந்தச் சமயம் தாழ்வாரத்தின் கோடியில் ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது. அதன் கம்பியோடு விலங்கு பூட்டி, இரண்டு கான்ஸ்டபிள்கள் மாஸ்டரை எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். பையன் அந்தப் பக்கம் திரும்பினான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே போனார். திருப்பம் தாண்டி ஸ்ட்ரெச்சர் மறைந்த பிறகும் பையன் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான், வார்டுக்கு இடது காதைக் காட்டியபடி.

உள்ளே அவன் பெயரைப் படித்தார்கள். அவனுக்குக் கேட்கவில்லை. போர்வை மேல் விரல் உயர்ந்தது. கொஞ்சம் அல்ல, கை முழுவதும் உயர்ந்தது.

கறிக்கடைக்காரரின் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்பாவின் கையை விலக்கிவிட்டு, பையனைச் சுற்றிக்கொண்டு அவன் வலது பக்கம் போய் நின்றாள்.

"டேய்" என்றாள். "நீ பாஸ்."